கியர் பெட்டிக்குச் சந்தனம்

விஜிதரனுக்கு வேன் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். லைசன்ஸ் இருக்கிறதே, பிறகென்ன? வளைவில் எதிரே ஒரு லொறி வந்தால் கை இரண்டையும் விட்டுவிட்டு முருகனைக் கூப்பிடுகிற மனுசன் அவர். ஆகவே தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகளை ஹட்டன் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்கியது அவர் பெண்சாதி பிரேமினிதான். குவைத்தில் பிறத்தியார் வீட்டுப் பாத்திரம் கழுவி வந்த காசில் அவள் வாங்கிய, கியர் தானாகவே மாறுகிற ஓட்டோ கியர் வேன் அது. பதிவுப் புத்தகம் மட்டும் அவர் பெயரில் இருந்தது. பெயர் போட்டுக்கொள்ளவாவது வீட்டில் ஓர் ஆம்பிளை வேண்டாமா?

கோயில் கமிட்டியில் பொருளாளர் என்பதால், சாமி காரியம் என்றால் அவரை யாரும் மிஞ்ச முடியாது. ஆயுத பூசையன்று பிரேமினி அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வேனை ஹோஸ் பிடித்துக் கழுவி, பொனட்டைத் திறந்து, பெட்டரிக்கும் ஹோர்னுக்கும் சந்தனம் வைத்தார். அத்தோடு நின்றிருந்தால் அது விஜிதரன் இல்லையே. கியர் பெட்டியின் தலையில் சின்னதாக ஒரு வயர் பிளக் இருந்தது. அதையும் பிடுங்கி, துடைத்து, உள்ளே ஒரு அப்பு அப்பி, வந்த மட்டும் அழுத்திவிட்டு வந்தார். முழங்கை வரைக்கும் மஞ்சளாக நின்ற புருசனைப் பார்த்து, பக்தி முற்றிவிட்டது என்று மட்டும் பிரேமினி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமையே வேன் மக்கர் பண்ணத் தொடங்கியது. ஏற்றத்தில் வெடுக்கென்று ஒரு குலுக்கல், அப்புறம் மூன்றாம் கியரிலேயே நின்றுகொண்டு முனகல். பிள்ளைகளை இறக்கி நடக்கவிட்டுத்தான் மேட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஒரு குழியில் விழுந்து எழுந்தால் பழையபடி முரண்டு பிடிக்கும்.

விஜிதரன் ஒரு நொடியில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். பொம்பளை ஓட்டினால் கியர் தேயுமாம். வீட்டுக்குள் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடையில் சொன்னார், கோயிலில் சொன்னார், லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமெல்லாம் சொன்னார். நுவரெலியாவில் கியர் வேலை செய்கிற ஒரு பாசுக்குப் போன் போட்டார். அந்த மெக்கானிக்கும் வேனைக் கண்ணால் பார்க்காமலே கியர் பெட்டி செத்துப்போனது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். இனமும் இனமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? சனிக்கிழமை கொண்டுபோய்க் கியர் பெட்டியை மாற்றுவது, அதற்குப் பிறகு அவருடைய அக்கா மகன் துஷாந்த் ஓட்டுவது, பிரேமினி பழையபடி கொழுந்து எடுக்கப் போவது என்று முடிவாயிற்று. சாவியும் துஷாந்த் கைக்குப் போயிற்று.

பிரேமினி விடவில்லை. தேய்ந்த கியர் தினமும் அல்லவா தகராறு பண்ண வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் எப்படிச் சுகமாகும் என்று கேட்டாள்.

சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே வேனில் ஏறிப் பின்னால் உட்கார்ந்தாள். ஹட்டனுக்குள் நுழைகிற ஏற்றத்தில் துஷாந்த் கையிலும் வேன் அதே மாதிரி குலுக்கி நின்றது. ரோட்டு சரியில்லை என்றார் விஜிதரன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

"என் காசுல வாங்குன வண்டிங்க. ஒரு தடவ பைஸர் நானாகிட்ட காட்டிட்டுப் போங்க. அவரும் கியர் போச்சுன்னு சொன்னா, நாளைக்கே நான் கூடையைத் தூக்கிக்கிறேன்" என்றாள் பிரேமினி.

பைஸர் ஹட்டனில் வாகன வயரிங் கடை வைத்திருக்கிறவர். போகிற வழிதானே என்று விஜிதரன் வேனை அங்கே விடச் சொன்னார். சின்ன ஸ்கேன் மெஷினைக் கொளுவிப் பார்த்துவிட்டு, கியர் பெட்டியின் வேகத்தை அளக்கிற சென்சரிடமிருந்து தகவல் விட்டு விட்டு வருகிறது என்றார். அப்படியானால் சென்சரை மாற்றுங்கள் என்று விஜிதரன் உடனே தானும் ஒரு கியர் பாஸாகிவிட்டார். பைஸர் அதைக் காதில் வாங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினார். கியர் பெட்டியின் தலையிலிருந்த பிளக்கை ஆட்டியதும் திரையில் எண் மறைந்தது. விட்டதும் வந்தது. பிளக்கைக் கழற்றினார். பூட்டு சரியாக விழுந்திருக்கவில்லை. உள்ளே பின்கள் பச்சை பூத்திருந்தன, சுற்றிலும் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. ஊசியால் சுரண்டிப் பார்த்தார். விஜிதரனின் நெற்றியிலிருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். அடுத்தவர் சாமி விசயத்தில் வாய் வைப்பானேன் என்று பிளக்கைப் பிரேமினியிடம் நீட்டினார்.

"நீங்களே மோந்து பாருங்க தங்கச்சி."

சந்தன வாசம் இன்னும் போகவில்லை. பிரேமினி புருசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாமி காரியத்துல கொற வைக்கக் கூடாதுல்ல" என்றார் அவர்.

பைஸர் பிளக்கைக் கழுவிக் காயவைத்து, 'டிக்' என்று பூட்டு விழும் வரை அழுத்தினார். துஷாந்த் அதே மேட்டில் ஏற்றிப் பார்த்தான். கியர் ஒவ்வொன்றும் ஒழுங்காக விழுந்தது. பைஸர் கடையில் நின்றவர்களிடம் விஜிதரன், இது வயர் கோளாறாகத்தான் இருக்கும் என்று தனக்கு முதலிலேயே பட்டது என்றார். வெட்கம் என்ன விலை என்று கேட்கிற ஜென்மம். அப்புறம், நீயே வீட்டுக்கு ஓட்டடா என்று துஷாந்திடம் சொன்னார்.

பிரேமினி சாவிக்குக் கையை நீட்டினாள். அவன் மாமனைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தான். முன் கதவைத் திறக்க வந்த புருசனை அவள் நிறுத்தினாள்.

"நான் கெடுத்தேன்னு லயம் லயமா சொன்னீங்கல்ல. அதே மாதிரி லயம் லயமாப் போயி, கெடுத்தது நீங்கதான்னு சொல்லிட்டு வாங்க. அது வரைக்கும் இந்த வண்டியில ஏறாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பொழுதுசாய, மேல் லயத்து ராக்காயி மூச்சு வாங்க இறங்கி வந்தாள். உன் புருசன் வாசலில் வந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார், முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை, பாவம்டி, விட்டுவிடு என்றாள்.

பிரேமினி வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு லயம் இருக்குக்கா" என்றாள்.