எஸ் விசையை நான் மாற்றிய வாரம்

கண்டியில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எங்கள் மின்னஞ்சல் நிரலில் படமும் இல்லை, மவுஸும் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. அந்தப் பழைய நிரலை விடாமல் வைத்திருந்தது ஒருவருக்காக. பார்வையற்ற மொழிபெயர்ப்பாளர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல எல்லோரும் அவரை நானா என்போம். திரையில் வருவதை ஒரு குரல் அவர் காதில் வாசிக்கும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது.

எஸ் அடித்தால் கடிதம் சேமிக்கப்படும், எக்ஸ் அடித்தால் அனுப்பப்படும். புதிதாக வந்தவர்கள், "எஸ்னா சென்ட்னுதானே யாரும் நினைப்பாங்க?" என்று கேட்டபடியே இருந்தார்கள். எனக்கும் நியாயமாகப் பட்டது. கட்டளைகளை மாற்றியமைத்தேன். எஸ் இனி அனுப்பும். புதிய பட்டியலை அச்சடித்து எல்லா மேசைகளிலும் ஒட்டினேன். நானாவின் மேசையிலும் ஒட்டினேன். அன்று அவர் லீவு. வந்ததும் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை சுவரைத் தடவிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, எஸ் அடிச்சா சேமிக்கத்தானே செய்யும்? 'அனுப்பப்பட்டது' எண்டு சொல்லுது."

"நான் மாத்திட்டேன் நானா. யாருக்குப் போச்சு?"

"பணிப்பாளருக்கு."

பணிப்பாளர்தான் அலுவலகத்தின் தலைவர். பிரிவுத் தலைவர் பதவிக்கு நானாவை நேர்முகத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. 'அவருக்குச் சிரமமாக இருக்கும்' என்று காரணம் சொன்னார்களாம். அந்தக் கோபத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு நாள் வைத்திருந்து, சூட்டைக் குறைத்து அனுப்புவதாக எண்ணம்.

சேவையகத்தைப் பார்த்தேன். கடிதம் பணிப்பாளரின் பெட்டியில் திறக்கப்படாமல் கிடந்தது. அவர் தெல்தெனியவில் ஒரு கூட்டம் முடிந்து வந்துகொண்டிருந்தார். எந்தப் பெட்டியையும் திறக்கும் கடவுச்சொல் என்னிடம் இருந்தது.

"அழிச்சிடவா நானா? யாருக்கும் தெரியாது."

கீழே வாகனம் வந்து நின்ற சத்தம் கேட்டது. என் விரல் விசையின் மேலேயே இருந்தது.

"வேணாம்," என்றார் நானா. "இன்னொருத்தர்ட பெட்டிக்குள்ள கைய வெக்கிறதா? நான் பொய் ஒண்டும் எழுதல்லயே."

படியேறிப் பணிப்பாளரின் அறைக்கு நான் முதலில் போனேன். என் பிழையால் ஒரு கடிதம் வந்திருப்பதாகச் சொன்னேன். பணிப்பாளர் என்னை நிற்கவைத்தே வாசித்தார். முகம் இறுகிக்கொண்டே போனது. பிறகு நானாவை வரவழைத்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"எழுதினது நான்தான் சேர். அனுப்பினது நானில்ல. ஆனா அதில ஒரு வரியையும் திரும்ப எடுக்க மாட்டன்."

"சரி, போங்க," என்றார் பணிப்பாளர். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் நேர்முகத்துக்கு நானாவையும் அழைத்தார்கள். பதவி வேறொருவருக்குத்தான் போனது. ஆனால் 'சிரமம்' என்ற சொல்லை அங்கே யாரும் எடுக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"நல்லதோ கெட்டதோ, அனுப்புறதா இல்லையா எண்டு நான்தான் முடிவெடுத்தீக்கணும். அத நீங்க எடுத்துட்டீங்க தங்கச்சி," என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

எஸ் கட்டளையைப் பழையபடி ஆக்கினேன். அனுப்புமுன் பெறுநரின் பெயரைச் சொல்லி நிரல் ஒருமுறை கேட்கும்படி எழுதினேன். பிறகு திரையை அணைத்துவிட்டு, காதில் அந்தக் குரலை மாட்டிக்கொண்டு, நானாவின் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது கட்டளையிலேயே வழி தவறினேன்.

"அனுப்பவா எண்டு கேள்வி கேக்குது. பதிலுக்கு எத அடிக்கணும் எண்டு சொல்லல்லயே," என்றார் அவர். குறித்துக்கொண்டேன்.