எண்ணாமல் விட்ட கை

எண்ணூர்ப் பக்கம் எங்கள் குப்பத்து ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு கைதான் கணக்கு. அதுவும் ஆம்பளைக் கை. மீன் விற்கும் ஒரு அம்மாவின் புருஷன் செத்துப் போனதோடு அந்த வீட்டுக் கையும் போயிற்று.

ஆனாலும் அந்தம்மா ஒரு கூட்டமும் விடமாட்டார். ஒல்லியான தேகம், வெற்றிலைச் சிவப்பேறிய உதடு. உட்காரவே மாட்டார், காலிக் கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே நிற்பார். பார்க்கிற எனக்கே இருப்புக் கொள்ளாது.

அன்றைக்கு, மீன் மார்க்கெட்டைக் கரையிலிருந்து பஸ் ரோட்டுக்கு மாற்றலாமா என்று கேட்டார்கள். மார்க்கெட்டில் விற்பதெல்லாம் பெண்கள். கைகளை எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. ‘வேண்டாம்’ என்று தூக்கிய கைகளில் கடைசியாக அவருடையது, செதில் ஒட்டியபடி இருந்தது. தாண்டிப் போனேன். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. சமமானால் தலைவர் சொல்வதுதான் முடிவு; அவர் சொன்னபடி மார்க்கெட் ரோட்டுக்குப் போனது.

கூட்டம் கலையும்போது வழிமறித்தார்.

“இன்னா நைனா, என் கை கண்ணுக்குத் தெரியலியா?”

“தெரிஞ்சுதுக்கா. ஊர் வழக்கம் அப்டி கீதே, நான் இன்னா செய்ய?”

“அப்ப அதையும் நோட்டுல எழுது. கை இருந்துச்சு, பாத்தேன், எண்ணலன்னு.”

கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் கீழே ஒரு வரிக்கு இடமும் இருக்கிறது. பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன்.