ஏழுமலை பிடித்த கால்

ஏழுமலையின் முகத்தில் உதைத்தது நான்தான். கடலில், அலைகளுக்கு நடுவில், அவன் என் கணுக்காலைப் பிடித்து உதவி கேட்டபோது உதைத்தேன். யாரோ என்று நினைத்து அல்ல. அவன்தான் என்று தெரிந்தே உதைத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் இப்போது சொல்வதும் துணிச்சலால் அல்ல. நாளைக் காலை டீக்கடையில் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் எனக்கு மேற்பார்வை வேலை. பெர்மனென்ட். அப்பா சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் குவார்ட்டர்ஸில். ஏழுமலை அதே பிரிவில் கான்ட்ராக்ட் ஆள். வடலூர்ப் பக்கம் ஒரு கிராமம். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். ஷிஃப்டில் என்னைச் ‘சார்’ என்பான். சைக்கிளில் ஏறிவிட்டால் ‘அண்ணா’.

சைக்கிளால்தான் பழக்கமே. விடியற்காலையில் நகரியத்தின் நேர் சாலைகளில் நான் பந்தய சைக்கிளில் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருப்பேன். அவன் சாப்பாட்டுத் தூக்கைக் கேரியரில் வைத்துக்கொண்டு, முதல் ஷிஃப்டுக்குப் போகிற போக்கில் என்னைத் தாண்டிப் போவான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் சேர்ந்தே மிதிக்கத் தொடங்கினோம்.

அவனை ட்ரையத்லானுக்கு இழுத்துவிட்டவன் நான். கடலில் நீந்தி, கரையேறிச் சைக்கிள் மிதித்து, அதற்கும் பிறகு ஓட வேண்டிய நெடும் போட்டி அது. சைக்கிளும் ஓட்டமும் அவனுக்கு விளையாட்டு மாதிரி. நீச்சல்தான் உதறல். கிணற்றில் குதித்து நாலு கை போட்டுப் படியேறத் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

நகரியத்து நீச்சல் குளத்தில் சேர்ந்து பழகினோம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடலூர்க் கடல். வேகமாக நீந்துகிறவன் முன்னால் போக, மற்றவன் அவன் காலடியை ஒட்டியே வருவது ஒரு உத்தி. முன்னால் போகிறவன் நீரைக் கிழித்துக் கொடுப்பான். பின்னால் வருகிறவனுக்கு அலுப்பு குறையும். நான் முன்னால், அவன் பின்னால். அப்படித்தான் பேச்சு.

ஒருநாள் அவன் மனைவி செல்வி என் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சொன்னா கேக்க மாட்றாருங்கண்ணா. கெணத்துல குளிச்ச ஆளு, கடல்ல எறங்கறேன்னு ஆடிக்கினு இருக்காரு. எங்களுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க.”

“கவலப்படாதம்மா. என் கால் எட்டுற தூரத்துலதான் வருவான்” என்றேன்.

அவளைத் தேற்றுவதற்காக அங்கேயே ஒரு சைகையும் உண்டாக்கினேன். ஏழுமலைக்கு முடியவில்லை என்றால் என் கணுக்காலைப் பிடித்து இரண்டு முறை அழுத்த வேண்டும். உடனே நான் நின்றுவிடுவேன். கூட்டமாக நீந்தும்போது அடுத்தவர் கை காலில் படும், இடிக்கும், போய்விடும். யாரும் பிடித்து இரண்டு முறை அழுத்தமாட்டார்கள். ஆள் மாறாட்டம் நேரக்கூடாது என்றே யோசித்து வைத்த சைகை... நானே யோசித்து வைத்தது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

போட்டி வெளியூரில் நடந்தது. அன்று கடல் எங்களுக்குப் பழக்கமான கடலாக இல்லை. நாங்கள் போனதெல்லாம் காற்றில்லாத காலைகளில்தான். ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டுமே என்று வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுவோம். கொந்தளிக்கும் கடலை நாங்கள் கரையில் நின்றுகூடப் பார்த்ததில்லை. அங்கே முந்தைய நாள் மாலையிலிருந்தே காற்று. ஒலிபெருக்கியில் சொன்னது பாதி காதில் விழவில்லை. ஏழுமலை அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நம்ம கடலூர் கடல் மாதிரி இல்லியேண்ணா.”

“அலையோட மல்லுக்கட்டாத. மூச்சத் தண்ணிக்குள்ளயே விட்டுடு. அல தூக்குறப்ப மட்டும் தலையத் தூக்கிப் பாரு. முடியலன்னா மல்லாந்து படு. என் கால விட்டுடாத.”

“வுடமாட்டேண்ணா.”

இறங்கினோம். மிதவைகளைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். பள்ளத்தில் விழும்போது நாலு பக்கமும் தண்ணீர்ச் சுவர். மேலே தூக்கும்போது மட்டும் ஆரஞ்சு மிதவை கண்ணில் பட்டு மறையும். காற்றடிக்கும் பக்கம் வாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர்தான். எனக்கும் பயம்தான். ஆனால் அவனுக்குச் சொன்னதையெல்லாம் நானும் செய்தேன். மூச்சை நீருக்குள் விட்டேன், அலை இல்லாத பக்கம் இழுத்தேன். மெல்ல மெல்லப் பிடிபட்டது. என் பாதத்தில் அவ்வப்போது அவன் விரல் உரசியது. இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

முதல் மிதவையில் கூட்டம் நெருக்கியது. கையும் காலும் மோதின. அதைத் தாண்டிக் கொஞ்சதூரம் போயிருப்பேன். கணுக்காலில் ஒரு கை விழுந்தது. பிடித்தது. ஒருமுறை அழுத்தியது... மறுமுறையும் அழுத்தியது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன நினைவு வந்திருக்க வேண்டும்? செல்வியின் முகம்? அந்தப் பிள்ளைகள்? இல்லை. நீந்தி முடிக்க வேண்டிய கெடுதான் நினைவுக்கு வந்தது! அதைத் தாண்டிக் கரையேறினால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள், போட்டி அதோடு முடிந்தது. முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று பிரிவு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அலையில் ஏற்கெனவே நேரம் போயிருந்தது. இப்போது நின்றால் அவ்வளவுதான் என்று தெளிவாக, வார்த்தை வார்த்தையாக நினைத்தேன். நினைத்துவிட்டு உதைத்தேன்.

பயத்தில் கால் தானாக உதைத்துவிட்டது என்று பலநாள் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தானாக உதைக்கிற கால் ஒருமுறை உதைக்கும். அவன் கை விடவில்லை என்று நான் இன்னொரு முறையும் உதைத்தேன். குதிகாலில் கெட்டியாக ஏதோ பட்டது. கை விட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த அலை தூக்கியபோது முன்னால்தான் பார்த்தேன், மிதவை நேராகத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் நன்றாக நீந்தினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? காலுக்குப் பின்னால் யாரும் இல்லாததால் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கூசுகிறது.

கெடுவுக்குள் கரையேறினேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஏழுமலையின் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கைப்பிடியில் அவன் ஹெல்மெட். நான் கேட்டிருக்கலாம். நிற்கிற தொண்டர் யாரிடமாவது, “அவன் வந்தானா, படகில் ஏற்றினீர்களா?” என்று ஒரு வார்த்தை... கேட்டால் பதில் வருமே என்று பயந்தேன். என் சைக்கிளை மட்டும் எடுத்துக்கொண்டு மிதித்தேன். அன்று பகல் முழுவதும், அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலேயே மிதித்தேன், ஓடினேன். தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்பதுதான் சரி.

முடிவுக் கோட்டில் அவன் நின்றுகொண்டிருந்தான். எனக்காகத் துண்டு வைத்துக்கொண்டு, கை தட்டிக்கொண்டு. உதடு வீங்கியிருந்தது. முன்பல் ஒன்று பாதி இல்லை.

“யாரு காலயோ போயி புடிச்சிட்டேண்ணா. நீங்கன்னு நெனச்சிக்கினு அமுக்கறேன், அந்தாளு ரெண்டு வுட்டாரு பாருங்க. நீச்சல் கண்ணாடி கழண்டுபோச்சு, தண்ணி குடிச்சிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே மல்லாந்து படுத்துக்கினு கையத் தூக்கினேன், படகுல வந்து தூக்கிட்டாங்க. பாவம், அவரும் பயந்திருப்பாரு.”

நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். என் கழுத்தில் பதக்கம் போட்டார்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: “கூட்டத்துல அப்படித்தான்டா ஆகும்.”

“மன்னிச்சிக்கங்கண்ணா. வுடமாட்டேன்னு சொல்லிட்டு உங்க கால வுட்டுட்டேன்” என்றான் அவன்.

என்னிடம் அவன் மன்னிப்புக் கேட்டான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன்!

ஊருக்குத் திரும்பியதும் பிரிவில் பொன்னாடை போர்த்தினார்கள். சைக்கிள் குழுவினர் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கொந்தளிக்கும் கடலில் நீந்துவது எப்படி என்று நான் இப்போது பேசுகிற ஆள். அலையோடு சண்டை போடாதீர்கள், மூச்சை நீருக்குள் விடுங்கள், பதற்றம் வந்தால் மல்லாந்து படுங்கள் என்பேன். நீங்கள்கூட எங்காவது கேட்டிருக்கலாம். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஏழுமலை முன்வரிசையில் உட்கார்ந்து, “அண்ணன் சொன்னதுதான் என்னக் காப்பாத்திச்சு” என்று எல்லோரிடமும் சொல்வான். டீக்கடையில் அவன் இந்தக் கதையை நடித்தே காட்டுவான். ஆள் மாறிப் பிடித்த கதை. எல்லோரும் சிரிப்பார்கள், அந்தப் பாதிப் பல் தெரிய அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன். பல்லைக் கட்டிக்கொள்ளடா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவனுக்காகச் சொல்கிறேன் என்றுதான் அவன் நினைக்கிறான்.

இப்போது அவன் மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறான். எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். செல்வி இந்த முறை தடுக்கவில்லை. அண்ணன் கூட இருக்கும்போது என்ன பயம் என்றாளாம்.

போன ஞாயிறு நீச்சல் குளத்துக்கு அவன் ஒரு பட்டை கொண்டுவந்தான். சுரங்கத்தில் போடுகிற பாதுகாப்புச் சட்டை பழசாகிப்போனதில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற துண்டை வெட்டி, எலாஸ்டிக் வைத்துச் செல்வி தைத்திருக்கிறாள். அவளுடைய தையல் பொடிப்பொடியாக, ஒழுங்காக இருந்தது.

“காலக் காட்டுங்கண்ணா” என்றான்.

“நானே போட்டுக்கறேன், குடு.”

“அட, காட்டுங்க.”

குளத்தின் ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்க, அவன் ஈரத் தரையில் குனிந்து என் காலைத் தன் முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொண்டான். அதே கால். பட்டையை மாட்டி, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டான். இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

“இனிமே ஆளு மாறாதுண்ணா.”

அப்போதாவது சொன்னேனா? வாய் வரைக்கும் வந்தது. அவன் குனிந்திருந்ததால் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்தது. நிமிர்ந்தால் பல் தெரியும். “தண்ணில எறங்கு, நேரமாச்சு” என்றேன்.

நீந்தினோம். பாதிக் குளத்தில் அவன் என் கணுக்காலைப் பிடித்தான். ஒருமுறை அழுத்தினான்... மறுமுறையும் அழுத்தினான். நான் நின்றேன். அசையாத தண்ணீரில், கெடு எதுவும் இல்லாத இடத்தில், உடனே நின்றுவிட்டேன். அவன் தலையைத் தூக்கி முகத்தை வழித்துக்கொண்டு சிரித்தான்.

“பாத்தீங்களாண்ணா, சரியான கால புடிச்சிட்டேன்.”

போட்டிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அன்றைக்குக் கடல் எப்படி இருக்குமோ தெரியாது. அலை எழும்பி, நேரம் போய், அந்தக் கை மறுபடி விழுந்தால் என் கால் என்ன செய்யும்? நிற்பேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய முடியவில்லை. செல்வியிடம் செய்துகொடுத்தவன்தானே நான்... இது அவனுக்குத் தெரிய வேண்டாமா? தெரிந்த பிறகல்லவா அவன் கடலில் இறங்க வேண்டும்?

நாளைக் காலை சொல்லிவிட வேண்டும் என்று நேற்றும் நினைத்தேன். இன்று காலையும் அவன் வாசலில் மணியடித்தான், நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன். பட்டையைக் கழற்றவில்லை, கழற்றினால் ஏன் என்று கேட்பான்.