மைக்கில் வராத பெயர்

என் பெயர் செந்தாமரை. இதை நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார்.

அவர் பெயர் இராஜாங்கம். மைக் செட் இராஜாங்கம் என்று கேட்டால் பாபநாசத்தில் டவுன் பஸ் கண்டக்டர்கூட வீட்டுக்கு வழி சொல்வார். ஆட்டோவின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு "பாபநாசம் வட்டாரப் பெருமக்களே" என்று அவர் ஆரம்பித்தால், நடவு வயலில் குனிந்திருக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், தேரோட்டம், ஆற்றில் தண்ணீர் வருகிறது ஆடுமாடுகளைக் கரையேற்றுங்கள், இன்னார் காலமானார், எல்லாம் அவர் வாய்தான். செத்தவர் பெயரை அவர் சொல்கிற விதத்தில், இருந்தபோது கிடைக்காத மரியாதைகூட அந்த மனுஷனுக்குக் கிடைத்துவிடும். மற்றவர்கள் மாதிரி ஒரு தடவை பேசிப் பதிவுசெய்து ஓடவிடுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. "ரெக்கார்டு போடுறதுக்கு நான் எதுக்கு?" என்பார்.

ஊரார் பெயரையெல்லாம் இப்படி வாய் மணக்கச் சொல்கிறவர், கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் "இந்தா", "இங்க பாரு". மகள் எழில்மொழி பிறந்த பிறகு "எழிலு அம்மா". செல்ஃபோனில் என் நம்பரை "வீடு" என்று போட்டு வைத்திருக்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"ஏங்க, என் பேரு உங்க வாயில நுழையலயா?"

"வெக்கமா இருக்குடி."

ஊரே கேட்கக் கத்துகிறவருக்கு வெட்கமாம்! நானும் அவர் பெயரைச் சொல்வதில்லைதான். அது வேறு. நான் என்ன மைக் செட்டா வைத்திருக்கிறேன்?

போன ஐப்பசி மழையில் அவருக்குக் குரல் கம்மியது. சளி என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கார்த்திகை போய் மார்கழி வந்தும் கம்மல் போகவில்லை. பீடியை விடுங்கள் என்று நான் போட்ட சண்டையெல்லாம் நினைவுக்கு வந்தது. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துச் சோதித்தார்கள். கடைசியில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"குரல்வளையை முழுசா எடுத்துடணும். எடுத்தா உயிருக்குப் பயமில்லைங்க."

"பேச்சு?" என்றேன் நான்.

"இந்தக் குரல் இருக்காதும்மா. கழுத்துல வச்சுப் பேசுற மெஷின் இருக்கு. அதுல பேசிக்கலாம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். உயிர் பிழைக்கப் போகிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மனசு கேட்கிறதா? இனி இந்த மனுஷன் என் பெயரைச் சொல்லவே மாட்டாரே என்பதுதான் முதலில் தோன்றியது. புருஷன் கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள், இவளுக்கு ஆசையைப் பார் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு மாசியில் தேதி கொடுத்தார்கள். அதற்கு முன்னால் பரிசோதனைகளுக்காக அலைந்தபோதுதான் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் மூஸா பாயைப் பார்த்தோம். அய்யம்பேட்டைக்காரர். அவருக்கு அதே ஆபரேஷன் முன்பே ஆகிவிட்டிருந்தது. மெஷின் வாங்க வசதியில்லை. பேரப்பிள்ளையின் சிலேட்டில் "சர்க்கரை இல்லாமல்" என்று எழுதிக் காட்டினார். டீக்கடைக்காரர் அவருக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "என்னா பாய் வேணும்?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். மூஸா பாய் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சர்க்கரை போட்ட டீயையே குடித்தார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டார். சைக்கிள் பேரணி நடத்தப் போகிறாராம், வருகிற நன்கொடையில் மூஸா பாய் மாதிரி ஆட்களுக்கு மெஷின் வாங்கித் தரப் போகிறாராம். ஏன் சைக்கிள் என்றால், ஆட்டோ வாங்குவதற்கு முன் சைக்கிள் கேரியரில் பேட்டரியைக் கட்டிக்கொண்டுதான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "டாக்டர் பேசாம கெடங்கன்னு சொல்றாரு. நீங்க ஊரக் கூட்டிக் கச்சேரி வைக்கப் போறீங்களா?"

"போகப் போற தொண்டை. இருக்குறப்பவே செலவு பண்ணிட்டுப் போறேன், விடு."

அதற்கப்புறம் அவரை யார் தடுப்பது? ஆட்டோவில் ஏறிக் கம்மிய குரலோடு ஊர் ஊராகச் சொன்னார். கும்பகோணத்தில் கிளம்பி, வாய்க்கால் ஓரச் சாலை வழியாகப் பாபநாசம் வந்து சேர வேண்டும். வந்து சேர்கிற ஒவ்வொருவர் பெயரையும் அவரே மைக்கில் சொல்லுவார். அதுதான் அவருடைய கடைசி மைக். அந்த ஒரு வார்த்தைக்காக ஜனம் நன்கொடையோடு வந்து பெயர் கொடுத்தது. மிராசுதார் பஞ்சநதம்கூட வந்தார். அவர் வீட்டுக் களத்தில்தான் என் மாமனார் கூலிக்கு நெல் அடித்தார். "இராஜாங்கம், என் பேரைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுப்பா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யார் யாரோ கேட்கிறார்கள். எனக்கென்ன குறைச்சல்? ஓட்டி வந்தால் சொல்லித்தானே ஆகவேண்டும்!

எழில்மொழி பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தது. தஞ்சாவூரில் நர்சிங் படிக்கிற அவள், லீவுக்கு வந்தபோது காற்றடித்துக் கொடுத்தாள். அவர் ஆட்டோவில் கிளம்பியதும் பக்கத்துக் களத்தில் நான் பழகுவேன். சின்ன வயதில் ஓட்டியது, கைக்கு உடனே வரவில்லை. எழில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அம்மா, நீ விழுந்தேன்னா ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல பெட்டு கேக்கணும்."

"வாயக் கழுவுடி. அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத."

பேரணி அன்றைக்கு நான் பாபநாசத்தில் மோர்ப் பந்தலில் இருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் எழிலின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு கும்பகோணத்தில் நின்றேன். எல்லோருக்கும் பெயர் எழுதிய அட்டையை நெஞ்சில் குத்தினார்கள். என்னுடையதில் எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி தேதியைப் பார்த்து நாள் குறித்தவர், அறுவடை நாள் என்பதை மறந்துவிட்டார். சுவாமிமலை தாண்டியதும் சாலையில் பாதிக்குமேல் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஓரத்து ஒற்றையடி இடைவெளியில் லாவகமாக வளைத்துப் போய்விட்டார்கள். எனக்கு ஹேண்டில் நிற்காது. நெல்லில் சக்கரத்தை ஏற்றவும் மனசு வராது.

"ஏறிப் போ தாயி, நெல்லு ஒண்ணும் கோச்சிக்காது!" என்று நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தாள்.

"நீங்க சொல்லுவீங்க. எனக்குல்ல ராத்திரி சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டு இறங்கித் தள்ளினேன். நெல் வந்த இடமெல்லாம் இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி, என் முழங்கால் போய்விட்டது. கடைசியில் எனக்குப் பின்னால் யாருமே இல்லை.

பாபநாசம் நெருங்கும்போது வயலுக்கு மேலே அவர் குரல் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சநதம் ஐயா பெயரை நீட்டித்தான் சொன்னார், நடுவில் ஒரு இருமலோடு. குரல் உடைந்து உடைந்து வந்தது. எனக்குள் அவசரம் பிடித்துக்கொண்டது. இவர் எல்லாருக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? மிதித்தேன்.

ரைஸ் மில்லைத் தாண்டியதும் பந்தல் தெரிந்தது. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நெஞ்சில் இருந்த அட்டையைப் பார்த்தார். சுடிதாரைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்:

"இதோ, கடைசியா, நம்ம எழிலு அம்மா வந்துட்டாங்க!"

ஜனம் கைதட்டியது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டுவதற்கு முன்னாலேயே இறங்கி, சைக்கிளைத் திருப்பினேன்.

"அம்மா, எங்கம்மா போற?" என்று எழில் கத்தினாள்.

"என் பேரு தெரிஞ்ச ஆளு யாராவது மைக்குல இருந்தா சொல்லு, வர்றேன்!"

வந்த வழியே மிதித்து மறுபடி ரைஸ் மில் வாசலுக்குப் போனேன். அங்கே நின்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன். சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. ஸ்பீக்கரில் அவர் தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது. சொல்ல மாட்டார், இந்த ஜன்மத்தில் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். பாழாய்ப்போன வெட்கம்.

"செந்தாமரை."

முதல் பாதி அவருடைய பழைய குரல், ஊரை நிமிர வைக்கிற அதே குரல். மீதிப் பாதி வெறும் காற்று. அவருக்கே அது போதவில்லை போல. மறுபடி சொன்னார்.

"செந்தாமரை, வா."

எப்படிப் போனேன் என்று தெரியாது. கண் மறைத்துக் கோடு தெரியவில்லை. நேராகப் போய் அவர்மேலேயே மோதினேன். ஜனம் சிரித்தது. சிரிக்கட்டுமே!

ஆபரேஷன் அன்றைக்குத் தியேட்டர் வாசலில் நர்ஸ், "பேஷண்ட் பேரு சொல்லுங்கம்மா" என்றாள். எழிலைத் திரும்பிப் பார்க்காமல், நானே, "இராஜாங்கம்" என்றேன். படுத்திருந்தவர் திரும்பிப் பார்த்துக் கரகரவென்று சிரித்தார். அந்தத் தொண்டையிலிருந்து நான் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்.

மூஸா பாய்க்கும் இன்னும் சிலருக்கும் மெஷின் வந்தது. அவருக்கும் ஒன்று. அதைக் கழுத்தில் வைத்து அழுத்தினால் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி பேச்சு வருகிறது. அதில் காபி கேட்கிறார், உப்பு பத்தவில்லை என்கிறார், என்னோடு சண்டைகூடப் போடுகிறார். என் பெயரை மட்டும் அதில் சொல்வதில்லை.

அதற்குச் செல்ஃபோனை எடுக்கிறார். எழில், பந்தலில் தான் எடுத்த வீடியோவிலிருந்து அந்தக் குரலை மட்டும் வெட்டி அவருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ரெக்கார்டு வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர் கொல்லைப்புறத்திலிருந்து அதை அழுத்துகிறார். "செந்தாமரை, வா." பின்னால் யாரோ அடித்த சைக்கிள் மணியும் சேர்ந்து கேட்கிறது.

எனக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டுவிடும். அடுப்படியில் கை சும்மா இருந்தாலும் நான் போக மாட்டேன். இன்னொரு தடவை அழுத்தட்டும்.