மேல் பல்லைப் பற்றி நான் சொன்ன சொல்

இதை எழுத நாலு வருசமாகத் தயங்கினேன். எட்டாவது வரைதான் படித்தவன் என்பது ஒரு காரணம். என் வாயால் வந்த வினையை நானே எழுத வேண்டுமே என்பதுதான் பெரிய காரணம். அம்மன் சன்னதியில் பொய் சொல்லமாட்டேன். இங்கேயும் சொல்லவில்லை.

சாணார்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லித் தோட்டம். இலைக்குள் ஒளிந்திருக்கிற மொட்டையும் என் வீட்டுக்காரி கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு மேல்வரிசையில் வலதுபக்கம் ஒரு பல் சொத்தை. கிராம்பு வைத்தாள், உப்புத்தண்ணீர் கொப்பளித்தாள். கேட்கவில்லை.

பங்குனியில் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். பல் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். "வேர்ல சீழ் வச்சிருக்கு. நாலு தடவை வந்தா வேர்ச்சிகிச்சை பண்ணிப் பல்லக் காப்பாத்தலாம். வர முடியாதுன்னா எடுத்துரலாம்."

பூ எடுப்புக் காலம். நாலு தடவை எப்படி வருவது? எடுத்துவிடச் சொன்னாள் அவள். நான்தான் மறித்தேன்.

"மேல் பல்லப் பிடுங்குனா கண்ணு போயிரும். பூவெடுக்கிறவளுக்குக் கண்ணுதான முக்கியம்?"

எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். "பல்லு நரம்பு வேற, கண்ணு நரம்பு வேறங்கய்யா" என்று டாக்டரம்மா எம்புட்டோ சொல்லிப் பார்த்தார். நான் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் வலி நின்றது. மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். மிச்ச மாத்திரை அலமாரியில் கிடந்தது. பல் உள்ளே செத்துப்போனதால்தான் வலி நின்றது என்று அப்போது தெரியாது.

ஆடியில் கன்னம் வீங்கியது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். மறுநாள் வீக்கம் கண்ணுக்கு ஏறி இமை மூடிக்கொண்டது. காய்ச்சலில் அனத்தினாள். அதற்கும் ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். சீழை வெளியேற்றினார்கள். உயிர் தங்கியது. வலது கண்ணில் பார்வை தங்கவில்லை. நாலைந்து நாள் கழித்து அந்தப் பல்லையும் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நேர்ந்துகொண்டபடி அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்தினேன். அம்மனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டாக்டரம்மா வாயில் வந்து அவள்தானே முதலிலேயே சொன்னாள்?

வீட்டுக்காரி இப்போதும் பூவெடுக்கிறாள். வலப்பக்கத்து மொட்டுகள் தப்பி, செடியிலேயே விரிந்து கிடக்கும். "உங்கள இனிமே பாதிதான பாக்கணும், அதுவும் நல்லதுக்குத்தான்" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துப் பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏத்தா, டாக்டரப் பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன் மாமா. மேல் பல்லாம், எடுக்கணும்கிறாக. நா மாட்டேன். அத்தைக்குப் பல்லப் பிடுங்கித்தான கண்ணு போச்சு? ஊரே சொல்லுது."

அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி வந்தாள். "பிடுங்குனதால போகலடி. பிடுங்காம விட்டதால போச்சு. இந்தா நிக்கிறாரே, இந்த மனுசனக் கேளு."

நான்தான் தடுத்தேன் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நம்பினாளா, தெரியாது. இன்னும் பல்லை எடுக்கப் போகவில்லை.

அதனால்தான் எழுதிவிட்டேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். முதலில் கண் போனது, அதற்குப் பிறகுதான் பல்லை எடுத்தார்கள். அதை மட்டும் முன்பின்னாக மாற்றிவிடாதீர்கள். தடுத்தவன் புருசன் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.