மூன்றாம் எண்ணின் பேட்டி

ஆறு வருடம் ஆராய்ச்சி செய்தாள். "இன்னும் முடியலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவரும் பாக்கியில்லை. கணவன் மட்டும் கேட்கமாட்டான். "முனைவரே, குக்கரை இறக்கட்டுமா?" என்ற கிண்டலோடு நிறுத்திக்கொள்வான்.

பெரிய மருத்துவமனை ஒன்றில் அவள் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் பேசுவதை நோயாளிக்கும், நோயாளி பேசுவதை டாக்டருக்கும் அவரவர் மொழியில் சொல்வது வேலை. இருவரிடமும் அனுமதி வாங்கி அந்தப் பேச்சைப் பதிவுசெய்து, நடுவில் எது விட்டுப்போகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. பதிவுகளில் நான்கு மொழிபெயர்ப்பாளர்கள். பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதால் ஆளுக்கொரு எண்.

இதில் மூன்றாம் எண்ணை எட்டுப் பக்கத்துக்குக் கிழிகிழியென்று கிழித்திருந்தாள். காரணம் இருந்தது. ஒரு நோயாளி அம்மா, "ஆபரேஷன் பண்ணலைன்னா பொழைக்க மாட்டேனான்னு டாக்டரைக் கேளும்மா" என்கிறார். மூன்றாம் எண் கேட்கவே இல்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று தானே சொல்லிவிடுகிறார். அந்த அம்மா அதை நம்பி, ஆபரேஷனுக்கு வராமலே இருந்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா ஒரு மணி நேரம் நல்லபடியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்துதான் பாக்கி என்ற முகத்தோடு நெறியாளர் பேனாவைத் திறந்துவிட்டார். அப்போதுதான் தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டினார்.

"மத்த மூணு பேரையும் பேட்டி எடுத்திருக்கீங்க. இவ்வளவு திட்டின மூணாம் நம்பரை மட்டும் ஏன் எடுக்கல?"

வேலையை விட்டுப் போய்விட்டார் என்று ஒரு வரி போதும், பட்டம் கையில். உண்மையைச் சொன்னால் ஆறு வருடமும் போச்சு.

"சொல்லும்மா, அவங்க ஒத்துக்கலையா?" என்று நெறியாளர் எடுத்துக்கூடக் கொடுத்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"அது நான்தாங்க மேடம்."

பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

தேர்வாளர் ஆய்வேட்டை மூடினார். "இன்னைக்குப் பட்டம் இல்லம்மா. அந்த அத்தியாயத்தை முதல்லேர்ந்து எழுதுங்க. அந்தப் பேட்டியும் வேணும்."

வீட்டுக்கு வந்ததும், மற்ற மூவரையும் பேட்டி எடுத்த கேள்வித்தாளைக் கணவன் கையில் திணித்து, ரெக்கார்டரை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க கேளுங்க. எதையும் விடாம கேளுங்க."

அவன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவன் ஏழாவது கேள்வியில் தயங்கினான்.

"அந்த நோயாளிக்கு அப்புறம் என்னாச்சுன்னு தெரியுமா?"

"தெரியும். நாலு மாசம் கழிச்சு வந்தாங்க. இனிமே ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லைன்னு டாக்டர் சொன்னார்." ரெக்கார்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதை அவங்ககிட்ட நான்தான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாம."