சாருக்குப் பல் பிடுங்கிய நாள்

பற்பசையின் காரமான வாசம்... கூடவே காற்றில் வரும் ரப்பர் பால் வாடை. தொண்ணூறுகளில் சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் என் காலை இப்படித்தான் தொடங்கும்.

கால்வாய் ஓரம் வரிசையாகக் குந்திய பிள்ளைகள். கையில் பிளாஸ்டிக் குவளை, வாயெல்லாம் நுரை. நான் முன்னால் நின்று, "மேல... கீழ... உள்பக்கம்!" என்று கத்துவேன். "சார், இவன் என் கால்ல துப்பிட்டான்!" என்று நடுவில் புகார் வேறு.

சுகாதாரக் கல்வி என் தலையில் விழுந்ததற்குக் காரணம், நான் புது வாத்தியார். மூத்தவர் சரோஜா டீச்சர் கையை விரித்துவிட்டார்.

"பாடம் நடத்தவே நேரம் பத்தல தம்பி. இதுல பல்லு வேற வெளக்கி விடணுமா? நீயே பாத்துக்கோ லா."

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஒரே சிக்கல்... பல் டாக்டர் என்றாலே எனக்கு அப்படி ஒரு பயம். வெளியே சொல்ல முடியுமா?

ஒருநாள் பல் மருத்துவ வேன் வந்தது. மடக்கு நாற்காலியை விரித்தார் ஒரு மலாய் லேடி டாக்டர். அவ்வளவுதான், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் மேசைக்கு அடியில்!

கஸ்தூரியும் அங்கேதான். கன்னம் வீங்கி, சில நாளாக எதையும் மெல்ல முடியாமல் அழுதுகொண்டிருந்த பிள்ளை. அன்றைக்கு விட்டால் டாக்டர் அடுத்த வருடம்தான் வருவார். "எப்படியாச்சும் காட்டிருங்க சார்" என்று கெஞ்சிவிட்டுத்தான் அவள் அம்மா பத்து பெரண்டாம் ஊர் பேக்டரிக்கு வேலைக்குப் பஸ் ஏறியிருந்தார்.

"வாம்மா கஸ்தூரி, வலிக்காது" என்றேன்.

"அப்படின்னா நீங்க உக்காருங்க சார்!"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தட்டினார்.

"சிக்கு டுலு லா!" வாத்தியார்தான் முதலில் என்கிறார்.

சும்மா பார்த்துவிட்டு விட்டுவிடுவார் என்று நம்பி உட்கார்ந்தேன். கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. கெட்டுப்போச்சாம். பிடுங்கியே ஆகணுமாம்!

அட கடவுளே... எழுந்து ஓடலாம் என்று பார்த்தால், மேசைக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே வருகிறது. ஊசி போட்டார். குறடு வந்தது. வந்த அலறலை அப்படியே விழுங்கினேன்.

வாய் நிறையப் பஞ்சு, கண் நிறையத் தண்ணீர். கஸ்தூரி கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், அழுவறீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் என் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் ஏறிவிட்டாள்! அவள் இறங்கியதும் "நான்தான் அடுத்து" என்று வரிசையில் ஒரே தள்ளுமுள்ளு.

வாசலில் சரோஜா டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போர்டுல எழுதி எழுதிப் போட்டப்பல்லாம் ஏறல. இப்ப பாத்தியா தம்பி!" மறுநாள் கால்வாய் ஓரம் அவரும் பிரஷ்ஷோடு வந்து நின்றார்.

சில நாள் கழித்து கேண்டீனில் கஸ்தூரி மீ கோரேங் நூடுல்ஸை மென்றுகொண்டே எனக்குக் கையசைத்தாள். அப்பப்பா... அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

இப்போது வகுப்பில் பெரிய திரை, கிருமிகள் ஆடிப்பாடும் வீடியோ. நல்லதுதான், குறை சொல்லவில்லை. இருந்தாலும் அந்தக் கால்வாயோரக் கூத்துக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

"அப்பல்லாம் பாடம் நடத்தப் பயிற்றுத்துணைப் பொருள் என்ன சார் வெச்சிருந்தீங்க?" என்று இளம் ஆசிரியர்கள் கேட்பார்கள்.

நான் வாயை அகலத் திறந்து காட்டுவேன்.